கூகைமுடியின் இடது தோள்

அத்தியாயம் 11

"மலைன்னா இப்டியா சார் இருக்கும்? பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்குது" என்றாள் ஜீவிதா.

துப்பறியும் வேலையில் அவள் கோதண்டபாணிக்கு உதவியாள். அவர் மேசைமேல் கிடந்த ஜெராக்ஸ் தாளின்மேல் பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. எதையோ எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்து மறுபடி எண்ணினார்.

தாளில் இருந்தது கூகைமுடி. உயரம் ஏழாயிரத்து அறுநூறு அடி. ரோப்கார் கம்பெனி அதற்கு 'கிளவுட் கிரவுன்' என்று புதுப் பெயர் வைத்திருந்தது. பிப்ரவரியில் வரைந்த படம். அதை நம்பித்தான் உச்சியின் இடது தோளில் துளை போட்டு, இரும்புக் கம்பிகளை இறக்கி, மேல் நிலையத்தின் மேடையை நிறுத்தினார்கள். மே மாதம், சோதனை ஓட்டத்தன்று, பாறை பிளந்தது. மேடை விழுந்தது. அதன்மேல் நின்ற இரண்டு வெல்டர்கள் செத்தார்கள். அவர்களுக்கு டீ கொண்டுபோன மணியம்மாளும் செத்தாள்.

படத்தின் கீழ் மூலையில் ஒரு கையெழுத்து. விஷால், வயது இருபத்தொன்பது, கம்பெனியின் சர்வேயர். இப்போது மலை அடிவாரத்து ஊரின் சிறையில் இருந்தான். பாறையில் விரிசல் இருந்தது. படத்தில் இல்லை. குற்றச்சாட்டு அவ்வளவுதான்.

"கம்பெனிக்காரன் மாத்திட்டான் தம்பி" என்றார் கலியாணசுந்தரம்.

அவர் விஷாலின் அப்பா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு முன்னறையில்தான் மூவரும் இருந்தார்கள். நாற்பது வருடமாகப் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். அறையில் ஒரு சாய்வு மேசை. அதன் பலகை கண்ணாடி. அடியில் ஒரு டியூப் லைட். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"மொத நாளே போலீஸ்கிட்ட சொல்லிட்டான் எம்புள்ள. விரிசலப் போட்டுத்தான் அனுப்பினேன்னு. எழுதி வெச்சிருக்காங்க. அடுத்த நாள்லேர்ந்து இன்னா ஆச்சோ, வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

"அடுத்த நாள் என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. இந்தப் படத்தக் காட்டினாங்களாம். பாத்தானாம். அவ்ளோதான்."

கோதண்டபாணி போன வாரம் விஷாலைச் சிறையில் பார்த்தார். கம்பி வலைக்கு அப்பால் பதினைந்து நிமிடம் நின்றான். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். எங்க அப்பாவ அலைய வெக்காதீங்க சார். அதை அன்றே கலியாணசுந்தரத்திடம் சொல்லியிருந்தார். பாசம் என்று எடுத்துக்கொண்டு இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மூன்றாவது ஜாமீன் மனு. இன்று சனி. வக்கீல் காயத்ரி ஒரே ஒரு பொருளைக் கேட்டிருந்தாள். விஷால் மலைமேல் நின்று தன் கையால் போட்ட முதல் தாள். அதில் விரிசல் இருந்தால், கம்பெனி படத்தை மாற்றியது என்று வாதாடலாம்.

"அந்தத் தாள் இந்த வீட்டுக்கு வந்துச்சு. நிச்சயமாவா?" என்றார் கோதண்டபாணி.

"வந்துச்சு. மலையிலேர்ந்து காய்ச்சலோட வந்து எறங்கினான். டெங்கு. நூத்தி நாலு. பை நனைஞ்சிருந்துச்சு. தாளு அதுக்குள்ளதான் இருந்துச்சு. அதப் பாத்து நீட்டா வேற தாள்ல போட்டு, கூரியர்ல அனுப்பினோம். பழைய தாளு அப்புறம் காணல."

"நீட்டா போட்டது யாரு?"

"அவன்தான்."

"நூத்தி நாலுலயா?" என்றாள் ஜீவிதா. "எனக்கு நூறு வந்தாலே எங்கம்மாவ சித்தின்னு கூப்பிடுவேன்."

கலியாணசுந்தரம் மேசையைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"கம்பெனிக்காரன் போன் மேல போன் போட்டுக்கினே இருந்தான்மா. மறுநாள் தாளு வந்தாவணும்னு."

"அந்த வாரம் வீட்டுக்கு யார் யார் வந்தாங்க ஐயா?"

"ஊசி போட நர்ஸ் பொண்ணு வந்துச்சு. தண்ணி கேன் போடறவன். அப்புறம் கண்ணாயிரம். ஐயம்பேட்டையில தறிக்கு அட்டை குத்தறவன். டிசைன் கட்டு எடுத்துக்கினு போனான்."

"கட்ட அவர் கையில எடுத்தாரா, நீங்க குடுத்தீங்களா?"

"நான் உள்ள புள்ளைக்குத் துணி நனைச்சுப் போட்டுக்கினு இருந்தேன். மேசை மேல இருந்தத எடுத்துக்கினு போயிட்டான்."

கோதண்டபாணி எழுந்தார். ஜெராக்ஸை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"தம்பி" என்றார் கலியாணசுந்தரம். "கெடைக்குமா?"

"தெரியல ஐயா."

"கெடைச்சா மொதல்ல எங்கிட்டக் காட்டு. வக்கீலம்மாவுக்கு முன்னாடி."

2

ஷேர் ஆட்டோவுக்காக பஸ் நிலையம் வரை நடந்தார்கள். புரட்டாசிக்கு இன்னும் நாள் இருந்தது. வெயில் இறங்கவில்லை. புடவை வாங்க வந்த கூட்டம் கடை கடையாக ஏறி இறங்கியது.

"கண்ணாயிரம்தான் சார்" என்றாள் ஜீவிதா. "கம்பெனி ஆள் அவரப் புடிச்சிருக்கான். காய்ச்சல் வீட்ல பூந்து தாள உருவிட்டாரு. சிம்பிள்."

"கம்பெனிக்கு ஐயம்பேட்டையில அட்டை குத்தறவர எப்படித் தெரியும்?"

"கூகுள்ல தேடியிருப்பான். 'அருகில் உள்ள துரோகிகள்'."

அவர் நின்றார். அவள் சொன்னதற்காக இல்லை. எதிரே ஒரு டிராவல்ஸ் கடை. அதன் நெற்றியில் புது பேனர். காஞ்சிபுரம் டூ கிளவுட் கிரவுன். வெள்ளி மாலை புறப்பாடு. மேகத்துக்குள் காலை டிபன்.

ஜீவிதா உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞனின் சட்டையில் விக்ரம் என்று பேட்ஜ்.

"மேகத்துக்குள்ள டிபன்னா இட்லி நமுத்துடாதா?"

"ஹீட்டர் ஹால் இருக்குது மேடம்."

"அங்க ஏதோ ஆக்சிடென்ட்னு சொன்னாங்களே?"

"அது லெஃப்ட் சைடு மேடம். இப்ப எல்லாம் ரைட் சைடு. கண்ணாடித் தரை போட்டிருக்காங்க. கீழ பாத்தா ரெண்டாயிரம் அடி. பழைய எடத்தையும் காட்டுவாங்க. பைனாகுலர் வெச்சிருக்காங்க. அதுவும் பேக்கேஜ்லயே வந்துடும்."

ஜீவிதா மேசைமேல் இருந்த விளம்பரத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

இருவரும் போன வாரம் அந்த மலைக்குப் போயிருந்தார்கள். பீன்ஸ் விளைந்த சரிவில் முந்நூறு கார் நிற்கும் மைதானம் இருந்தது. உச்சிக்கு இரவெல்லாம் விளக்கு. விளக்கு வந்ததும் கூகைகள் போய்விட்டன என்றார்கள். உடைந்த இடத்தைப் பச்சை வலை போட்டு மூடியிருந்தார்கள். வலையிலும் கம்பெனியின் சின்னம். மைதானத்து வாசலில் சீட்டு கிழித்தவர் மணியம்மாளின் புருஷன். அந்த வேலையைக் கம்பெனி கொடுத்திருந்தது. தலையில் கம்பெனித் தொப்பி. மனைவியைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது, வண்டிய கொஞ்சம் லெஃப்ட்ல போடுங்க.

"தொப்பி ஃப்ரீ மேடம்" என்று விக்ரம் ஒன்றை நீட்டினான்.

நீலத் தொப்பி. முன்னால் வெள்ளை நூலில் மலை. நடுவில் உச்சி, இரண்டு பக்கமும் சரிவு.

"லோகோ சூப்பரா இருக்குது" என்றாள்.

"கம்பெனியோட முதல் டிராயிங்லேர்ந்து எடுத்ததாம். டிக்கெட், டி-ஷர்ட், காபி கப், எல்லாத்துலயும் இதான்."

வெளியே வந்ததும் கோதண்டபாணி அவளிடமிருந்து தொப்பியை வாங்கினார். மேசையிலிருந்து எடுத்துவந்த விளம்பரத் தாளில் மலையின் போட்டோ இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"வித்தியாசம் கண்டுபிடி."

"ஆறா?"

"ஒண்ணு போதும்."

அவள் பார்த்தாள். "போட்டோவுல இடது பக்கம் ஒடஞ்சிருக்குது. தொப்பியில முழுசா இருக்குது. ஒடையறதுக்கு முன்னாடி போட்ட படமாச்சே."

"ஒடஞ்ச எடத்துக்குக் கீழ பாரு."

"கீழ..." அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இடது பக்கம் படி படியா எறங்குது. வலது பக்கம் வழுக்கை. தொப்பியில ரெண்டு பக்கமும் வழுக்கை." நிமிர்ந்தாள். "தொப்பி பொய் சொல்லுது சார்."

"தொப்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஷேர் ஆட்டோ வந்தது. ஏறினார்கள். கோதண்டபாணி இருபது வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். ஆயிரக்கணக்கான நிலங்களை அளந்திருந்தார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்த ஒரு நிலத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அதை ஜீவிதாவிடம் சொல்லவில்லை. ஐயம்பேட்டை வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

3

கண்ணாயிரத்தின் கொட்டகையில் அட்டைகள் தோரணம் தோரணமாகத் தொங்கின. அட்டைதான் தறிக்கு உத்தரவு. டிசைன் தாளில் ஒரு கட்டம் கறுத்திருந்தால் அட்டையில் ஒரு ஓட்டை. ஓட்டை சொல்கிற நூல் எழும். நூல் எழுந்த இடத்தில் சரிகை விழும். ஐம்பது வயது கண்ணாயிரம் தடித்த கண்ணாடியோடு அந்த ஓட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. இன்னா வேணும்?"

கோதண்டபாணி ஒன்றும் சொல்லாமல் ஜெராக்ஸை நீட்டினார்.

கண்ணாயிரம் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "கோபுரமா? எத்தினி அட்டையில வேணும்?"

"இது எந்தத் தாள்னு சொல்ல முடியுமா?"

"நம்ம தாளு. டிசைன் தாளு. பெரிய கட்டத்துக்குள்ள எட்டு சின்னக் கட்டம் இருக்குது பாருங்க. காலேஜ் பசங்க தாளுன்னா பத்து இருக்கும்."

ஜீவிதா மெதுவாகத் திரும்பினாள். "காலையில நீங்க எண்ணினது இதத்தானா?"

"ரெண்டு தடவ" என்றார் கோதண்டபாணி.

"அப்ப கம்பெனி ஆபீஸ்ல இத யாரும் போடல."

"அங்க இந்தத் தாள் இருக்காது."

அவள் கண்ணாயிரத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சந்தேகத்தை முகத்திலிருந்து எடுக்க அவள் எப்போதும் மறந்துவிடுவாள். "நீங்கதான் போட்டீங்களாண்ணே?"

"நானா?" அவர் சிரித்தார். "எனக்கு ஓட்டை போடத்தான்மா தெரியும். கோடு போடத் தெரிஞ்சா டவுன்ல இருப்பேன்." தாளை மறுபடி பார்த்தார். "எந்தக் கோயில் கோபுரம் இது?"

"கோபுரம் இல்ல. மலை" என்றார் கோதண்டபாணி.

"மலையா? அப்ப தப்பா போட்டிருக்குது சார். மலை எங்கியாச்சும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குமா? இது கோபுரத்துக்குப் போடற மாதிரி போட்டிருக்குது."

"எப்படிப் போடுவாங்க கோபுரத்துக்கு?"

"பாதிதான். கோபுரம், அன்னம், யாளி, ஜோடியா வர்ற எதுக்கும் பாதி போட்டாப் போதும். தாள நடுவுல மடிச்சி, வெலகாம இருக்க மேல ஒரு ஊசி, கீழ ஒரு ஊசி. லைட்டு மேல வெச்சி மறு பாதிய எடுத்துடுவாங்க. நாலு நாள் வேல ரெண்டு நாள்ல முடியும். கண்ணுக்கும் நல்லது."

"இந்த ரெண்டு புள்ளி?"

படத்தின் நடுக்கோட்டில், உச்சிக்கு மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு கறுப்புப் புள்ளிகள். ஜெராக்ஸ் மெஷினின் அழுக்கு என்று ஜீவிதா நினைத்திருந்தாள்.

"ஊசி குத்தின எடம்" என்றார் கண்ணாயிரம்.

"ஊர்ல இப்படிப் போடறவங்க எத்தனை பேர்?"

"இப்ப கம்ப்யூட்டர் சார். பட்டனத் தட்டினா திரும்பிக்கும். கையால போடறவங்க மூணு பேரு. அதுல ஊசி..."

நிறுத்தினார். தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒரு கோட்டின் முடிவைக் கட்டைவிரலால் தடவினார். ஜெராக்ஸில் தடவ ஒன்றும் இல்லை.

"இது எப்டி உங்க கையில வந்துச்சு?"

"சொல்லுங்க."

"கோடு முடியற எடத்துல ஒரு அழுத்து அழுத்தியிருக்குது பாருங்க. இது கலியாண அண்ணன் கை. இருபத்தஞ்சு வருஷமா அவரு கோட்டத்தான் நான் ஓட்டை போட்டுக்கினு இருக்கறேன். எனக்குத் தெரியாதா?"

காற்றுக்கு அட்டைகள் ஒன்றோடொன்று தட்டின.

"பிப்ரவரியில அவர் வீட்டுல ஒரு கட்டு எடுத்தீங்க" என்றார் கோதண்டபாணி.

"எடுத்தேன். ஏழு டிசைன்னு சொல்லியிருந்தாரு. வந்து பிரிச்சா எட்டு தாளு. ஒண்ணு நனைஞ்சி, அழுக்கா இருந்துச்சு. வேற தாளு. புரியல. அண்ணன் கேட்டா குடுக்கலாம்னு வெச்சேன். கேக்கல."

எழுந்து அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டார்.

பத்துக் கட்டத் தாள். ஓரம் முழுக்க மூடுபனி ஊறிக் காய்ந்த பழுப்பு வளையங்கள். மலையின் வலது பக்கம் வழுக்கை. இடது பக்கம் படி படியாக இறங்கியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி மூன்றாவது படி வரை ஒரு பென்சில் கோடு நடுங்கி நடுங்கி வந்தது. அதன் பக்கத்தில் எழுதியிருந்த எழுத்து தண்ணீரில் கரைந்து கறையாகியிருந்தது. காய்ச்சல் மலையிலேயே தொடங்கிவிட்டது போலும். எல்லாக் கோடுகளுமே நடுங்கின.

ஆனால் இது கை நடுங்கிய கோடு இல்லை. பாறையே அப்படித்தான் பிளந்திருந்தது. போன வாரம் பச்சை வலையின் இடுக்கு வழியாகக் கோதண்டபாணி அதைப் பார்த்திருந்தார்.

"கம்பெனி எதையும் மாத்தல" என்றாள் ஜீவிதா.

"இல்ல."

"அப்பாதான் மாத்தினாரு."

"மாத்தல. எப்பவும் செய்யற வேலையச் செஞ்சார்."

4

காயத்ரி முதல் மணியிலேயே எடுத்தாள். சாலையோரப் புளியமரத்தடியில் நின்று ஸ்பீக்கரில் பேசினார்கள்.

"கெடச்சுதா சார்?"

"கெடச்சுது."

"விரிசல்?"

"இருக்கு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு கோதண்டபாணி மீதியைச் சொன்னார்.

"அந்தத் தாள வெளிய எடுக்காதீங்க சார்" என்றாள் காயத்ரி.

"ஏன்?"

"விரிசல் இருக்கறது அவனுக்குத் தெரியும்னு அந்தத் தாள் சொல்லுது. தெரிஞ்சும் விரிசல் இல்லாத படத்துல கையெழுத்துப் போட்டிருக்கான். இப்ப இருக்கறது அஜாக்கிரதை கேஸ். இதக் குடுத்தா தெரிஞ்சே செஞ்சான்னு ஆயிடும்."

"காய்ச்சல்ல பார்க்காம போட்டான். படத்தப் போட்டது அப்பா. அவர் வந்து சொன்னா?"

"அவரும் உள்ள போவாரு. பையன் கையெழுத்து அப்டியேதான் இருக்கும். சர்வேயர் அவன். அவங்க அப்பா இல்ல."

"ஒரே ஒரு தாள நம்பி மலையில துளை போட்டிருக்காங்க மேடம்" என்றாள் ஜீவிதா. "வேற யாரும் போய்ப் பாக்கல. அது தப்பு இல்லையா?"

"தப்புதான்மா. ஆனா அவங்ககிட்ட ஒரு தாள் இருக்குது. நம்மகிட்ட இருக்கற தாள் நம்மளத்தான் குத்துது."

லாரி ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்தார்கள்.

"இன்னொண்ணு" என்றாள் காயத்ரி. "போன வாரம் விஷால் எங்கிட்ட ஒண்ணு சொன்னான். எங்க அப்பா பேரு கோர்ட்ல வந்தா, விரிசல நானே அழிச்சேன்னு ஒத்துக்குவேன்னான். பயத்துல உளர்றான்னு நெனச்சேன். இப்பதான் புரியுது."

"திங்கட்கிழமை?"

"மனு போடுவேன் சார். தள்ளுபடி ஆகும்."

திரும்பும்போது ஆட்டோவில் வேறு யாரும் இல்லை. தாள் கோதண்டபாணியின் பையில் இருந்தது. ஜீவிதா மடியில் தொப்பி.

"கெடைக்கலன்னு சொல்லிடலாம் சார்."

"ம்."

"உங்களுக்குப் பொய் வராது. நான் சொல்றேன். நீங்க பக்கத்துல சோகமா நில்லுங்க. அது நல்லா வரும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

5

கலியாணசுந்தரம் வாசலிலேயே நின்றார். சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"கெடச்சுதா?"

"இல்லைங்கய்யா" என்றாள் ஜீவிதா. "கண்ணாயிரம் அண்ணன் அத வேஸ்ட்டுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டாராம்."

கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை.

"அவன் ஒரு தாளையும் தூக்கிப் போட மாட்டான்மா. உள்ள வாங்க."

உள்ளே போனார்கள். அவர் சாய்வு மேசையின் முன் உட்கார்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"அதுல கோடு இருக்குதா?"

"எந்தக் கோடு ஐயா?" என்றார் கோதண்டபாணி.

"அதான் தம்பி எனக்குத் தெரியல."

அடுத்த வீட்டுத் தறி நின்றது. பாவில் நூல் அறுந்திருக்கும். மறுபடி ஓடியதும் சொன்னார்.

"நான்தான் போட்டேன். புள்ளைக்குக் கண்ணே தொறக்கல. போனு அடிச்சிக்கினே இருக்குது. வேல போயிடும்பான்னு அழுவறான். நான் பாத்துக்கறேன்டா, படுன்னேன். அந்தத் தாளப் பாத்து வலது பாதியப் போட்டேன். இடது பாதி கோணக் கோணலா இருந்துச்சு. காய்ச்சல் கை, நடுங்கியிருக்குதுன்னு நெனச்சேன். மடிச்சி எடுத்துட்டேன். சுத்தமா வந்துச்சு. அவன எழுப்பி கையெழுத்து வாங்கினேன். புள்ள வேலைய அப்பன் செஞ்சான்னு தெரிஞ்சா அசிங்கம்னு யாருகிட்டயும் சொல்லல."

"எங்ககிட்டயும்."

"உங்ககிட்டயும்." அவர் உள்ளங்கையைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். "அதுல கோடு ஒண்ணு இருந்துச்சா, இல்ல கைதான் நடுங்கிச்சா. மூணு மாசமா யோசிக்கறேன். கண்ண மூடினா கோடு இருக்குது. தொறந்தா இல்ல. அதப் பாத்துச் சொல்லத்தான் உன்னக் கூப்ட்டேன்."

"கம்பெனி மாத்திட்டான்னு சொன்னீங்களே ஐயா?" என்றாள் ஜீவிதா.

"மாத்தியிருக்கணும்னு வேண்டிக்கினேன்மா."

கோதண்டபாணி பையைத் திறந்தார். தாளை மேசைமேல் வைத்தார். கலியாணசுந்தரம் அடியில் இருந்த விளக்கைப் போட்டார். பழுப்பு வளையங்கள் ஒளிர்ந்தன. படிகள் தெரிந்தன. அவர் விரல் உச்சியிலிருந்து கிளம்பி நடுங்கும் கோட்டின்மேல் மெதுவாக இறங்கியது. மூன்றாவது படியில் நின்றது.

"இருக்குது" என்றார்.

விரலை எடுக்காமலே, "எம்பேர எழுதிக்கோ தம்பி. நான் வந்து சொல்றேன்" என்றார்.

கோதண்டபாணி எல்லாவற்றையும் சொன்னார். தாளைக் கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், அப்பா பேர் வந்தால் விஷால் என்ன செய்வான். எதையும் மெதுவாக்கிச் சொல்லவில்லை. கலியாணசுந்தரம் டிசைன் கேட்க வந்தவர் பேச்சைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டார்.

"அப்ப அவனுக்குத் தெரியும்."

"படத்தக் காட்டின அன்னிக்கே."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"கேக்க மாட்டான் ஐயா."

"டீ கொண்டுபோன பொண்ணு ஒண்ணு செத்துச்சுன்னியே. பேரு இன்னா?"

"மணியம்மாள்."

"அது எந்தப் பக்கமா ஏறும்?"

கோதண்டபாணி தாளில் இருந்த படிகளைக் காட்டினார்.

"இடது பக்கமா. படி மாதிரி இருக்கும். ஏறச் சுலபம்."

"அந்தப் படிய நான் போடல" என்றார் கலியாணசுந்தரம்.

ஜீவிதா தொப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா அது?"

"ஒண்ணுமில்லைங்கய்யா."

கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். வெள்ளை நூலில் தைத்த மலையை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கை அவருக்குத் தெரிந்தது.

"இது எத்தினி பேர் போட்டுக்கினு இருக்காங்க?"

"அங்க வர்ற எல்லாரும்."

"நடுக்கோடு தப்பல" என்றார். தொப்பியை ஓரமாக வைத்தார்.

பிறகு இழுப்பறையைத் திறந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எட்டுக் கட்டத் தாள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்தார். பென்சிலைச் சீவினார்.

"விடுங்க ஐயா" என்றார் கோதண்டபாணி.

"ஒரு தடவ சரியாப் போட்டுப் பாக்கறேன் தம்பி. யாருக்கும் இல்ல."

இந்தத் தடவை இடது பாதியிலிருந்து தொடங்கினார். உச்சி வந்தது. முதல் படி வந்தது. கோடு முடிகிற இடத்தில் ஒரு அழுத்து. இரண்டாவது படியில் பென்சில் நின்றது. அவர் தாளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தாளின் ஓரத்தைப் பிடித்தது. நடுவில் மடித்தது. மடிப்பை நகத்தால் ஒருதரம் தேய்த்தது. பிறகு ஊசி டப்பாவைத் தேடி மேசைமேல் துழாவியது.

ஜீவிதா டப்பாவை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

கை துழாவிக்கொண்டே இருந்தது.